சத்தம் ஆகாத மைனி

கடுகு தாளிப்பதற்கு முன்னால் நான் எப்போதும் ஒரு குரல் கொடுப்பேன். "மைனி, கடுகு போடப்போறேன்." பக்கத்து அறையில் நாற்காலி நகரும். பின்கதவு திறக்கும். மைனி இறங்கிப் போய்க் கிணற்றுக்கு அப்பால் பலாமரத்தடியில் நிற்பார். கடுகு வெடித்து அடங்கி, வற்றல் மிளகாயின் கமறல் ஓட்டு இடுக்கு வழியாக வெளியே போனபிறகு நான் வாசலில் வந்து கையைக் காட்டுவேன். அவர் திரும்ப வருவார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அதுவும் வராமல் போயிற்று.

மைனி என் கணவருடைய அக்கா. பாறசாலையில் ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ளே போகும் சாலையில் அவர்கள் வீடு. நான் மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டி இந்தப் பக்கம், கேரளத்துக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். அது தொண்ணூறுகளின் தொடக்கம். அந்த வீட்டில் மாமி, மைனி, இவர், நான், நான்கே பேர். மாமா நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மைனிக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. கல்யாணம் ஆகவில்லை. நெய்யாற்றின்கரையில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. அங்கே பழைய ஆவணங்கள் அடுக்கிய பின்னறையில், வேறு யாரும் உட்கார விரும்பாத புழுக்கத்தில், தானாகக் கேட்டு வாங்கிய இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஃபேன் போட்டால் அதன் கடகடப்பு ஆகாதென்று அதையும் நிறுத்திவைத்திருப்பாராம்.

இவருக்குத் தொழில் மைக் செட்.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் நம்புவதில்லை. ஆனால் அப்படித்தான் இருந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவருக்கு ஸ்பூன் தட்டில் பட்டால் பல் கூசும். இன்னொருவர் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் குழாய் ஒலிபெருக்கி கட்டுகிறவர். வீட்டின் முன்பக்க அறை முழுக்க ஆம்ப்ளிஃபயரும் வயர்ச்சுருளும் பெரிய பெட்டிகளும். மாமி அடிக்கடி சொல்வார்: "எனக்க வயிற்றில ரெண்டும் எதிரும் புதிருமாட்டு வந்து பிறந்தாச்சு. நான் ஆருக்குன்னு பேசுவேன்?"

இவருக்கு எதுவும் கூடுதலாக வேண்டும். டீ கொதிக்கக் கொதிக்கத் தொண்டையில் இறங்கவேண்டும். மீன்குழம்பில் காரம் நான் போடுவது போதாது. ரேடியோ பாடினால்தான் உறக்கம் வரும். பேசும்போது மேசையில், கதவில், என் முதுகில், எதிலாவது தாளம் போட்டுக்கொண்டே பேசுவார். ஒருமுறை பந்தல் பிரித்த இடத்தில் ஆணி மிதித்துவிட்டு வீடுவரை நடந்து வந்திருக்கிறார், தெரியவில்லை. தரையில் சிவப்பாகத் தடம் கண்டு நான் அலறியபோது, "எங்க? ஆருக்கு?" என்று கேட்டார். ஊரில் இவரைப் பிடிக்காதவர்கள் இல்லை. நல்ல மனுஷன், கலகலப்பான ஆள் என்பார்கள். மைனியை யாருக்கும் பிடிக்காது. திமிர் பிடித்தவள், பெரிய ஆபீசராக்கும் என்ற நினைப்பு என்பார்கள். எனக்கும் முதல் வாரத்தில் அப்படித்தான் தோன்றியது.

கல்யாணத்துக்கு என் அம்மா எனக்கு இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டு அனுப்பியிருந்தாள். புதுப்பெண் நான் அம்மி அரைத்தாலும் தண்ணீர் கோரினாலும் அது கலகலவென்று சத்தம் போடும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மைனி சமையலறை வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. என்னிடம் மெதுவாக, கெஞ்சுவதுபோல்தான் சொன்னார்.

"பிள்ளே, அந்த வளையல ஒண்ணு கழற்றி வைக்கியா?"

கல்யாணம் ஆகி வந்த பெண்ணிடம் வளையலைக் கழற்று என்று சொல்வதா? பின்னால் நின்ற மாமி தலையில் அடித்துக்கொண்டார். "நாசமாப் போவா! தாலி கட்டி வந்த பெண்ணுக்கிட்ட சொல்லுத வாக்காடி இது? உனக்கு வாழ்வு இல்லேண்ணு அவளுக்கும் வேண்டாமா?"

மைனி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அன்று முழுக்க அழுதேன். சாயங்காலம் அவரே வந்தார். கையில் ஒரு ஜோடி மெல்லிய தங்க வளையல். அவருடையது. என் கையில் அவரே போட்டுவிட்டார்.

"கண்ணாடி ஒண்ணுக்கொண்ணு முட்டும்போ எனக்கு இஞ்ச குத்தும்" என்று பிடரியைத் தொட்டுக் காட்டினார். "உனக்க கையில உள்ளத பார்த்து எனக்கு அசூயைண்ணு நினைக்காண்டாம். இது முட்டாது, கேட்டியா. தனித்தனியா கெடக்கும்."

அந்த வளையல்களை நான் ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டபின் திருப்பிக் கொடுக்க முடியாதவை அவற்றோடு சேர்ந்தே வந்தன. கதவை மெல்லச் சாத்துவது, செருப்பைத் தேய்க்காமல் நடப்பது, பப்படத்தை அவர் சாப்பிட்டு எழுந்தபிறகு எடுப்பது. எனக்கு யாரும் கட்டளை போடவில்லை. அவர் முகம் சுளிப்பதைப் பார்க்க முடியாமல் நானாகப் பழகிக்கொண்டேன்.

ஓணத்துக்கு மைனி எனக்கு பாலராமபுரம் கைத்தறிச் சேலை எடுத்துத் தருவார். நல்ல விலை உள்ளதாகப் பார்த்து எடுப்பார். ஆறேழு மாதம் நான் கட்டி, துவைத்து, கஞ்சியெல்லாம் போய்த் துணி தளர்ந்தபிறகு, "பிள்ளே, அத இனி எனக்குத் தா" என்று வாங்கிக்கொள்வார். எனக்கு வேறு புதுசு வரும். புதுச்சேலையின் மொடமொடப்பு அவர் உடம்பில் எறும்பு ஊர்வதுபோல் இருக்குமாம். இது எங்களுக்குள் ஏற்பாடு. ஆனால் ஒருமுறை என்னைப் பார்க்க வந்த என் அம்மா, எனக்குத் தந்த சேலையை மைனி கட்டிக்கொண்டு ஆபீஸ் போவதைப் பார்த்துவிட்டாள். "கொடுத்ததத் திருப்பி வாங்குத நாத்தூன இப்பத்தான் பாக்கேன்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். நான் எத்தனை விளக்கினாலும் நம்பவில்லை. விளக்கி விளக்கி எனக்கு அலுத்துப்போனது. மைனியைப் பற்றி மற்றவர்களுக்கு, இவரைப் பற்றி மைனிக்கு, மைனியைப் பற்றி இவருக்கு. அந்த வீட்டில் எனக்கு இதுதான் முழுநேர வேலை.

மைனிக்கு வரன் வராமல் இல்லை. நான் கட்டி வந்த பிறகும் ஒன்று வந்தது. காட்டாக்கடையிலிருந்து, மனைவியை இழந்தவர், பள்ளி ஆசிரியர். பொறுமையான ஆள். இரண்டு பேரும் முற்றத்தில் நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். மைனி சிரித்ததுகூட எனக்குக் கேட்டது. வந்தவர்கள் போனதும் மாமி ஆசையாகக் கேட்டார். மைனி தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"ஏண்டி? ஆளுக்கு என்ன குறச்சல்?"

"ஆளு நல்ல ஆளாக்கும். அவரு பூசியிருந்த சென்ட் எனக்கு ஆகாது."

"சென்ட் பூசாண்டாம்ணு சொன்னாப் போதாதா?"

"அம்மா, இண்ணைக்கு சென்ட். நாளைக்கு அவரு இருமுவாரு, சவைப்பாரு, குறட்டை விடுவாரு. ஒண்ணொண்ணா வேண்டாம்ணு சொல்லிச் சொல்லி ஒரு மனுஷனை இல்லாம ஆக்கிருவேன் நான்."

மாமி அன்று இரவுச் சோறு உண்ணவில்லை. இவர் அக்காவைத் திட்டினார். எனக்கு மட்டும் அந்த வாக்கு மனதில் தங்கிவிட்டது. அவர் வேண்டாமென்றது அந்த ஆளைக் காப்பாற்றத்தான் என்று பட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் விளக்கவேண்டும்.

மாமி படுக்கையில் விழுந்த வருடம்தான் வீடு உடைந்தது. மைனி நீண்ட விடுப்பு எடுத்து அம்மாவுக்குப் பணிவிடை செய்தார். வாடை ஆகாதவர், சோப்பு மணத்துக்கே முகத்தைத் திருப்புகிறவர், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மாமியின் படுக்கைத் துணிகளைத் தானே அலசினார். வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்ப வந்து அலசுவார். நான் செய்கிறேன் என்றால் விடமாட்டார். "உனக்கு சமையல் உண்டு. அது எனக்கு முடியாது. இது முடியும்" என்பார். முடியாததைத்தான் முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அது கல்யாண சீசன். உதியங்குளங்கரையில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு இவர் புது ஸ்பீக்கர் இறக்கியிருந்தார். மத்தியானம் முற்றத்தில் எல்லாவற்றையும் இணைத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்." நடுநடுவே காதைக் கிழிக்கும் கீச்சு. மாமி அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். மைனி ஜன்னல் வழியாக முதலில் சொன்னார். கொஞ்சம் கழித்து என்னை அனுப்பிச் சொன்னார். இவர், "இப்பம் முடியும், இப்பம் முடியும்" என்றார். ஸ்பீக்கருக்கு ஒரு கை தூரத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மைனி வெளியே வந்தார். ஓடவில்லை, கத்தவில்லை. முதலில் மெயின் சுவிட்சை அணைத்தார். பிறகு சமையலறையிலிருந்து வெட்டுக்கத்தியை எடுத்துவந்து, தென்னங்குற்றியின் மேல் வயரை வைத்து வெட்டினார். ஓர் இடத்தில் வெட்டி நிறுத்தவில்லை. விறகு வெட்டுவதுபோல் துண்டு துண்டாக வெட்டினார். வெட்டி முடித்ததும் மைனி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"எலே, நான் ஒரு நாளும் உனக்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. சொய்ரம் மட்டும்தான் கேட்டேன். கொஞ்சம் சொய்ரம். அதயும் உனக்குத் தரப் பற்றல்ல."

"நீ எனக்க பிழைப்பிலயாக்கும் வெட்டினது" என்றார் இவர். "கல்யாண வீட்டில நான் என்ன சொல்லுவேன்? இனி எனக்கிட்ட மிண்டாத. எனக்கு அக்கா இல்ல."

அந்தக் கல்யாணத்துக்கு வேறு ஆள் ஒலிபெருக்கி கட்டினார். இவர் சொன்னபடியே அக்காவிடம் பேசுவதை நிறுத்தினார். மைனி இத்தனை வருடமாக இவரிடம் கேட்டது அமைதி. இப்போது முழு அமைதி கிடைத்தது. அது மைனிக்குப் பிடிக்கவில்லை. தம்பி வரும் நேரம் பார்த்து முன்வாசலில் வந்து நிற்பார். இவர் சுவரைப் பார்ப்பதுபோல் கடந்து போவார். அதற்குப் பிறகு, "அவனுக்கு காப்பி குடுத்தியா பிள்ளே?" என்று என்னிடம் கேட்பார். இவர் என்னிடம், "அம்மைக்க மருந்து தீர்ந்தாச்சாண்ணு கேளு" என்பார். பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்துகொண்டு இரண்டு பேரும் என் வழியாகப் பேசினார்கள். எனக்குக் கால் வலித்தது.

மாமி இறந்த அன்று வீடு கொள்ளாத கூட்டம். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஊதுவத்தி, மாலை, வியர்வை. மைனி தாயின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து பின்பக்கமாகப் போய்விட்டார். தேடிப் போனபோது ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில், இயந்திரத்தின் உருளைமேல் நெற்றியை வைத்தபடி நின்றிருந்தார். "எனக்கு அம்மைக்காக அழணும் பிள்ளே" என்றார். "அவங்க நிறுத்தினா நான் அழுவேன்." அவர்கள் நிறுத்தவில்லை. பெற்ற தாய்க்கு ஒரு துளிக் கண்ணீர் விடாதவள் என்ற பெயர் அன்றோடு நிலைத்தது.

பதினாறு முடிந்ததும் இவருடைய சித்தப்பா ஒருவர் இவரைத் தனியாக அழைத்துப் பேசினார். "இது தலைக்குள்ள உள்ள கேடாக்கும். திருவனந்தபுரத்தில கொண்டு காட்டணும்." எங்கே என்று அவர் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் சொல்லவேண்டியதும் இல்லை, பைத்திய ஆஸ்பத்திரிதான். இவர் மறுக்காதது எனக்குப் பயமாக இருந்தது. அப்படி ஒருமுறை கொண்டு போய்விட்டால் மைனியின் வேலை, பேர் எல்லாம் என்ன ஆகும்? மறுநாளே நான் மைனியைக் காது டாக்டரிடம் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனேன். காரக்கோணம் போகும் வழியில் வீட்டோடு சேர்ந்து சின்னதாக ஒரு கிளினிக். பெண் டாக்டர், வயது குறைவு. இரண்டு காதையும் பார்த்தார். நிறையக் கேள்வி கேட்டார். சாப்பாடு, துணி, வெளிச்சம், கூட்டம். மைனியிடம் அப்படிக் கேள்விகளை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் ஒன்றுவிடாமல் பதில் சொல்லிக்கொண்டே போனார்.

"செவிக்கு ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். "ஒரே வெயிலில ரெண்டுபேர நிறுத்தினா ஒருத்தருக்குப் பொள்ளும், மற்றவருக்குத் தெரியாது. ரெண்டு பேரும் கெட்டவங்க இல்ல. தோலு வேற. உங்களுக்கு எல்லாம் கொஞ்சம் கூடுதலாட்டு உள்ள வருது. அதுக்கு மருந்து இல்ல. பைத்தியமும் இல்ல. இருக்கிற இடத்த மாத்தலாம்."

மைனி தலையைக் குனிந்தபடி, "எனக்கு மனுஷர வெறுப்பு இல்ல டாக்டர்" என்றார். "மனுஷரு வரும்போ கூட வாற சத்தமாக்கும் ஆகாதது."

"எனக்குத் தெரியும்" என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பினார். "கூட வந்த ஆளுக்கு என்ன? முகம் இப்படி வாடிக் கெடக்கு?"

எனக்கு ஒன்றும் இல்லை என்றேன்.

திரும்பும் வழியில் பேருந்துக்குக் காத்து நின்றோம். மைனி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பிள்ளே, உனக்கு என்ன ஆகாது?"

"எனக்கா?"

"ஆமா. எனக்கு ஆகாதது எல்லாம் உனக்குத் தெரியும். அவனுக்கு வேண்டியதும் தெரியும். உனக்கு என்ன ஆகாது, என்ன வேணும்? நான் ஒருநாளும் கேட்டதில்ல."

யோசித்துப் பார்த்தேன். காரம் எவ்வளவு வேண்டும், ஒலி எவ்வளவு வேண்டும் என்று எனக்கென்று ஓர் அளவு இருந்திருக்கவேண்டும். கல்யாணத்துக்கு முன்பு இருந்திருக்கும். "எனக்கு உறக்கம் வருது மைனி" என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். யாரையும் தொட விரும்பாதவர் பேருந்து வரும்வரை கையை விடவில்லை.

அடுத்த மாதமே அவர் நெய்யாற்றின்கரையில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்துப் போய்விட்டார். தம்பியோடு சண்டை என்று ஊர் சொன்னது. போகிற அன்று என்னிடம், "இனி உனக்கு ஒரு ஆளப் பார்த்தாப் போதும்" என்றார். நான் மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். இவர் போகக்கூடாது என்றும் சொல்லவில்லை, எப்படி இருக்கிறாள் என்றும் கேட்டதில்லை.

சில வருடங்கள் அப்படியே கழிந்தன. ஒருநாள் காலையில் இவருடைய தலையணை உறையில் மஞ்சளாகக் கறை பார்த்தேன். காதிலிருந்து சீழ். வேதனை இல்லையா என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல" என்றார். இவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. நான் நச்சரித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது காலம் கடந்திருந்தது. ஒரு காது போய்விட்டது. மற்றதும், ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று நின்று, பாதிக்கு மேல் போயிருந்தது. கொஞ்ச நாள் வெளியே தெரியாமல் தொழிலை ஓட்டிப் பார்த்தார். ஒரு கோயில் கொடையில் மைக் கீச்சிட்டு ஜனங்கள் காதைப் பொத்தி நிற்க, இவர் ஒன்றும் கேட்காமல் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை. சாமான்களை ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். முன்னறை காலியாயிற்று. ரேடியோவை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்துக் கிடப்பார். "எடி, இது பாடுதா?" என்று கேட்பார். நான் தலையாட்டுவேன். பேசினால் கேட்காது. அடுத்தவர் பேச்சு கேட்காததால் கலகலப்பும் போயிற்று. தேடிவந்த சிநேகிதர்கள் குறைந்தார்கள். இவரும் திமிர் பிடித்தவராகிவிட்டார் என்று யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

நெய்யாற்றின்கரைக்குப் போனபோது மைனியிடம் சொன்னேன். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கினார்.

இவர் முற்றத்தில் நாற்காலி போட்டு, கேட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மைனி பின்னால் வந்து நின்று, தன் வழக்கமான மெல்லிய குரலில், "எலே" என்றார்.

இவர் திரும்பவில்லை.

மைனியின் முகம் விழுந்துவிட்டது. இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்துவிட்டார். போய்விடுவாரோ என்று நான் படியிறங்கி ஓடினேன். "மைனி, அது கேக்காததாக்கும். கோவம் இல்ல. சத்தமாட்டு சொல்லணும்."

மைனி சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றார். இவர் நிமிர்ந்து பார்த்தார். வாய் கோணியது. "அக்கா" என்றார், ஊரே கேட்கும்படி. தன் குரலின் அளவும் இவருக்குத் தெரிவதில்லை. அந்தச் சத்தத்தில் மைனியின் உடம்பு ஒருமுறை குலுங்கியது. ஆனால் பின்வாங்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் தன் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டார். கண்ணை மூடினார். பிறகு, வாழ்நாளில் ஒருமுறையும் குரல் உயர்த்தாத அந்தப் பெண், கழுத்து நரம்பு புடைக்கக் கூவினார்:

"எலே! நீ வல்லதும் தின்னியாலே?"

பலாமரத்திலிருந்து காக்கைகள் எழும்பின. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"தின்னேன் அக்கா!" என்று இவர் பதிலுக்குக் கூவினார். "தோசை தின்னேன்! நீ எதுக்கு இப்பிடிக் கெடந்து கூவுத?"

"உனக்க செவிட்டுச் செவிக்காக்கும்லே!"

இவர் சிரித்தார். சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. மைனி காதிலிருந்து கையை எடுக்காமலே பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது, கண்ணில் நீர் வழிந்தது, வலியாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் நிறுத்தவில்லை. அம்மாவின் கடைசி நாட்கள், காட்டாக்கடை வாத்தியார், வெட்டின வயர், எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் கூவிக்கொண்டே இருந்தார்கள்.

நான் நடுவில் நின்று சொல்லவேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. சமையலறையில் பாயை விரித்துப் படுத்தேன். முற்றத்தில் அவர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உறங்கிவிட்டேன்.